ரக்மானினோவ் வெளிநாடு போன பிறகு ஏன் இவ்வளவு குறைவாக எழுதினார்?

மூன்றாம்_கிரேடு:

வணக்கம். பியானோ கற்றுக்கொண்டிருக்கிறேன், கூடவே இசையமைப்பாளர்களின் வரலாற்றையும் படித்து வருகிறேன். செர்கேய் ரக்மானினோவின் படைப்புப் பட்டியலைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ரஷ்யாவில் இருந்தவரை ஓபஸ் (படைப்புகளுக்குப் போடும் வரிசை எண்) 39 வரை வந்துவிட்டார். 1917 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேறுகிறார், 1943 மார்ச்சில் அமெரிக்காவில் இறக்கிறார். இடைப்பட்ட 25 வருடத்தில் ஓபஸ் 40 முதல் 45 வரை ஆறே ஆறு.

எங்கே படித்தாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: தாய்நாட்டைப் பிரிந்த சோகத்தில் அவருக்குள் இசை வற்றிப்போனது. எனக்கு இது ஒட்டவில்லை. அதே காலத்தில் ரஷ்யாவுக்கு வெளியே இருந்த புரோகோபியேவும் ஸ்ட்ராவின்ஸ்கியும் எழுதித் தள்ளினார்களே, அவர்களுக்கு மட்டும் சோகம் இல்லையா? அந்த வருடங்களில் ரக்மானினோவ் நடைமுறையில் என்ன செய்துகொண்டிருந்தார், எப்படிப் பிழைத்தார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கட்டை:

உங்கள் சந்தேகம் நியாயமானது. நான் பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்தும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் சாப்பிடுகிறவன். அதனால் எந்த இசைக்கலைஞரின் வாழ்க்கையைப் படித்தாலும் முதலில் வாடகை யார் கொடுத்தார் என்று தேடுவேன். ரக்மானினோவ் விஷயத்தில் இந்தக் கேள்வி நிறையவே வெளிச்சம் காட்டும்.

முதலில் அந்தச் சோகக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1934இல் ஒரு பேட்டியில் இதே கேள்வியை அவரிடமே கேட்டார்கள். அவர் மூன்று காரணம் சொன்னார். ஓயாத சாதகமும் கச்சேரிக்காரனின் ஓட்டமும் தன் சக்தியை உறிஞ்சிவிடுகின்றன என்பது முதலாவது. தனக்கு எழுதப் பிடித்த மாதிரியான இசையை இன்று யாரும் கேட்கத் தயாராக இல்லை என்பது இரண்டாவது. நாட்டை இழந்தபோது தன்னையும் இழந்துவிட்டேன், எழுதும் ஆசையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்பது மூன்றாவது. மூன்றாவது அழகாக இருக்கிறது, இசைத்தட்டு உறையில் அச்சடிக்கத் தோதாகவும் இருக்கிறது. அதனால் அது மட்டும் நிலைத்துவிட்டது. அவர் முதலில் சொன்னதை யாரும் சட்டை செய்வதில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1917இல் அவர் பொருளாதார நிலையைப் பாருங்கள். தம்போவ் மாகாணத்தில் இவனோவ்கா என்ற பண்ணை இருந்தது. மனைவி நதாலியா வழியில் வந்த சொத்து. அதுவரை சம்பாதித்ததில் பெரும்பகுதியை, கிட்டத்தட்ட 1,20,000 ரூபிளை, அந்தப் பண்ணையில்தான் கொட்டியிருந்தார். புரட்சி வந்தது, பண்ணை போயிற்று. கையில் சேமிப்பு இல்லை. மனைவி, பதின்வயதில் ஒரு மகள், பத்து வயதில் இன்னொரு மகள். அந்த நேரத்தில் ஸ்வீடனிலிருந்து ஸ்காண்டிநேவியக் கச்சேரிகளுக்கு அழைப்பு வருகிறது. அதைக் காட்டி விசா வாங்கி, டிசம்பர் கடைசியில் பெத்ரோகிராடிலிருந்து ரயில் ஏறி, பின்லாந்து எல்லையில் திறந்த பனிச்சறுக்கு வண்டியில் குடும்பத்தோடு கடக்கிறார். பெட்டியில் இருந்தது சில குறிப்பேடுகள், தான் பாதியில் விட்ட 'மோன்னா வன்னா' ஓபராவின் முதல் அங்கம், ரிம்ஸ்கி கோர்சாகோவின் 'பொற்சேவல்' ஓபரா நோட்டு. அவ்வளவுதான்.

'அவருடைய சி ஷார்ப் மைனர் பிரெலூட் என்ற சின்னப் பியானோ உருப்படி உலகமெல்லாம் பிரபலம், ராயல்டியே போதுமே' என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் வேடிக்கை. 19 வயதில் எழுதிய அந்த உருப்படியை மற்ற நான்கோடு சேர்த்து மொத்தம் 200 ரூபிளுக்குப் பதிப்பாளரிடம் விற்றிருந்தார். ரஷ்யா அன்று சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஆகவே அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு அதை வாசித்தாலும் அவருக்கு ஒரு சென்ட் வராது. கச்சேரிக்குக் கச்சேரி கடைசியில் அதை வாசிக்கச் சொல்லி அமெரிக்க ரசிகர்கள் கூச்சல் போடுவார்கள். வாசித்தே ஆக வேண்டும். தன் பிள்ளை ஊரெல்லாம் சம்பாதித்துக்கொண்டிருக்க, தகப்பன் கையில் காசு இல்லாத நிலைமை.

சரி, அமெரிக்கா. 1918இல் கோபன்ஹேகனில் இருந்தபோது மூன்று அழைப்புகள் வருகின்றன. பாஸ்டன் சிம்பொனியை நடத்த ஒன்று: 30 வாரத்தில் 110 கச்சேரி. சின்சினாட்டி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த ஒன்று. பியானோ கச்சேரிகளுக்கு ஒன்று. மூன்றையுமே மறுத்துவிட்டு, கடன் வாங்கிக் கப்பல் டிக்கெட் எடுத்துத் தன் பொறுப்பிலேயே புறப்படுகிறார். நவம்பர் 10 அன்று நியூயார்க்கில் இறங்குகிறார். மறுநாள் முதல் உலகப்போர் முடிந்த செய்தி வந்து தெருவெல்லாம் கொண்டாட்டம். வந்த களைப்பில் தூங்கக்கூட விட்டிருக்க மாட்டார்கள், பாவம். சார்லஸ் எல்லிஸ் என்ற மேனேஜரைப் பிடிக்கிறார், ஸ்டைன்வே கம்பெனி பியானோ கொடுக்கிறது. டிசம்பர் 8 அன்று ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் முதல் கச்சேரி. அமெரிக்க தேசிய கீதத்தைத் தானே பியானோவுக்கு அமைத்து அதிலிருந்து ஆரம்பிக்கிறார்.

இப்போது பியானோ கற்கிறவராக நீங்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அப்போது அவருக்கு 45 வயது. அதுவரை அவர் முழுநேரப் பியானோக்காரர் கிடையாது. இசை எழுதுகிறவர், ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவர். மேடையில் வாசித்ததும் பெரும்பாலும் தன் இசையைத்தான், 1915க்குப் பிறகு சக இசையமைப்பாளர் ஸ்கிரியாபினுடையது கொஞ்சம். முழு மாலைக் கச்சேரிக்கு வேண்டிய பேத்தோவன், ஷோபான், லிஸ்ட், ஷூமான் எதுவும் போதுமான அளவு கைவசம் இல்லை. மற்றவர்கள் இருபது வயதில் பாடம் பண்ணிவிடும் சரக்கை இவர் நாற்பத்தைந்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அதுவும் ஓடும் ரயிலுக்கும் ஓட்டலுக்கும் நடுவில், தன்னைவிட இளைய ஹோப்மான் போன்றவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு.

எப்படிச் சாதகம் செய்தார் தெரியுமா? ஆப்ரம் சேசின்ஸ் என்ற பியானோ கலைஞர் ஒருமுறை அவரைப் பார்க்கப் போனபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். உள்ளே ஏதோ வாசிக்கும் சத்தம் வருகிறது, ஆனால் என்ன உருப்படி என்றே பிடிபடவில்லையாம். அத்தனை மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது ஷோபானின் இரட்டைச் சுர எட்யூட் (பயிற்சி உருப்படி), ஓபஸ் 25இல் ஆறாவது, என்று புரிந்தது. ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளக் கட்டுக்கு, இருபது விநாடி. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அதே வேகத்தில். அந்த எட்யூடை மேடையில் வாசித்தால் மொத்தமே இரண்டு நிமிடம்தான். என் மாணவர்களிடம் இதைச் சொன்னால், அவர் ரக்மானினோவ் சார், எங்களுக்கு ஹோம்வொர்க் இருக்கிறது என்கிறார்கள்.

இப்படி உழைக்கிற மனிதருக்கு எழுத நேரம் எங்கே? 1922–23 சீசனில் ஐந்தே மாதத்தில் 71 கச்சேரி. இலையுதிர்காலத்தில் ஆரம்பித்து வசந்தம்வரை ரயில்தான் வீடு. அதற்குமேல் இசைத்தட்டு வேலை, 1919இல் எடிசன் கம்பெனிக்கு, 1920 முதல் விக்டருக்கு.

இனி அந்த ஆறு படைப்புகளும் எப்போது பிறந்தன என்று பாருங்கள். அமெரிக்கா வந்து ஏழு வருடம் ஓபஸ் எண் போட ஒன்றுமே இல்லை. எழுதியதெல்லாம் கிரைஸ்லரின் வயலின் உருப்படிகளைப் பியானோவுக்கு மாற்றியது போன்ற சின்ன வேலைகள், கச்சேரி முடிவில் வாசிக்கத் தோதானவை. 1926இல் மேடைக்கு விடுப்புப் போடுகிறார். உடனே நான்காவது பியானோ கான்செர்ட்டோவும் (பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) 'மூன்று ரஷ்யப் பாடல்களும்' வந்துவிடுகின்றன. கொரெல்லி வேரியேஷன்ஸ் (ஒரே மெட்டைப் பலவிதமாக மாற்றி எழுதியது) 1931 கோடை. பாகனினி ராப்சோடி 1934 ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 18 வரை, ஆறு ஏழு வாரம். மூன்றாவது சிம்பொனி 1935 கோடையில் பாதி, 1936 கோடையில் மீதி. சிம்பொனிக் டான்சஸ் 1940 கோடை, லாங் ஐலண்டில். எல்லாமே கச்சேரி இல்லாத மாதங்கள். இசை வற்றிப்போன மனிதர் ஒவ்வொரு முறை லீவு கிடைக்கும்போதும் இப்படிச் சரியாக ஊறுவாரா?

இரவு_ரேடியோ:

பழைய_கட்டை அண்ணா, கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் காலண்டரை வைத்து மட்டும் ஒரு மனிதரைப் படித்துவிட முடியுமா? ரஷ்யாவில் இருந்தபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. போல்ஷாய் தியேட்டரில் இரண்டு சீசன் ஓபரா நடத்தினார். 1909–10இல் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். மூன்றாவது கான்செர்ட்டோவைக் கப்பலில் சத்தம் வராத ஊமைக் கட்டையில் பழகிக்கொண்டே போய் நியூயார்க்கில் அரங்கேற்றினார், இரண்டே மாதத்தில் இசையமைப்பாளர் மாலர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த இன்னொரு முறை வாசித்தார். அந்த ஓட்டத்திலும் இசை வந்துகொண்டுதானே இருந்தது? அப்போது திரும்பிப்போக இவனோவ்கா இருந்தது, அதுதான் வித்தியாசம்.

வெளிநாட்டு வீடுகளில்கூட வேலைக்காரர், விருந்தாளி, தேநீர், பேச்சு எல்லாம் ரஷ்யமயம். பாரிஸில் ஆரம்பித்த பதிப்பகத்துக்கு மகள்கள் தத்யானா, இரினா பெயர்களைச் சேர்த்து 'தாயிர்' என்று பெயர். 1922இல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது அங்கிருந்த இசைக்காரர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் அனுப்பினார். விமானப் பொறியாளர் சிகோர்ஸ்கி பணமில்லாமல் தவித்தபோது 5,000 டாலர் கொடுத்தார், அவரும் அகதி ரஷ்யர்தான். இத்தனை பிடிப்பு உள்ளவருக்குப் பிரிவு வலிக்காதா?

சிம்பொனிக் டான்சஸின் முதல் பகுதி முடியும் இடத்தைக் கேட்டுப்பாருங்கள். அதுவரை இருந்த முரட்டுத் தாளம் அடங்கி, வயலின்கள் ஒரு நீளமான, சமாதானமான மெட்டை எடுக்கும். அது அவருடைய முதல் சிம்பொனியின் மெட்டு. 1897இல் பீட்டர்ஸ்பர்க்கில் படுதோல்வி அடைந்து, விமர்சகர் குயி பைபிளில் வரும் எகிப்தின் பத்து வாதைகளோடு ஒப்பிட்டுக் கிழித்த அதே சிம்பொனி. அதற்குப் பிறகு சில வருடம் அவரால் எழுதவே முடியவில்லை, டாக்டர் டால் என்பவரிடம் சிகிச்சை எடுத்துத்தான் இரண்டாவது கான்செர்ட்டோ வந்தது. அந்தச் சிம்பொனியின் நோட்டு ரஷ்யாவிலேயே தங்கிவிட்டது. அவர் இறந்த பிறகு லெனின்கிராடில் (அதே பீட்டர்ஸ்பர்க்தான்) வாத்தியப் பகுதிகள் கிடைத்து 1945இல்தான் மறுபடி வாசித்தார்கள். அப்படியென்றால் 1941 ஜனவரியில் பிலடெல்பியாவில் ஆர்மண்டி என்ற நடத்துநர் சிம்பொனிக் டான்சஸை அரங்கேற்றியபோது, அந்த மெட்டு எதற்குத் திரும்பி வந்திருக்கிறது என்று அரங்கில் யாருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை. தனக்காக மட்டுமே வைத்தது அது. இதை லீவுக் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்?

அப்புறம் அவர் சொன்ன இரண்டாவது காரணத்தை நீங்கள் தொடவே இல்லை. நான்காவது கான்செர்ட்டோவை 1927இல் நடத்துநர் ஸ்டோகாவ்ஸ்கியோடு அரங்கேற்றியபோது விமர்சகர்கள் கரித்துக் கொட்டினார்கள். பழைய காலத்து ஆள் என்று முத்திரை குத்தினார்கள். அதை 1928இல் திருத்தினார், 1941இல் மறுபடி திருத்தினார். காசுக்காக ஓடுகிறவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்புகூட ஒரு தோல்வியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காருவாரா?

பழைய_கட்டை:

அந்த முதல் சிம்பொனி மெட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். அந்த இடம் வரும்போது நான் வேறு எந்த வேலையும் செய்வதில்லை. ஊர் நினைப்பு இசைக்குள் இருக்கிறது. மூன்றாவது சிம்பொனி முழுக்க இருக்கிறது. நான் சொல்வது எண்ணிக்கையைப் பற்றி. 39 எப்படி 6 ஆனது என்ற கேள்விக்கு ஏக்கம் பதிலாகாது. ஏக்கத்தில் எழுதியவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

இவனோவ்கா விஷயத்தில் நீங்களே என் கட்சிக்கு ஆள் சேர்த்துவிட்டீர்கள். இவனோவ்கா அவருக்குக் கோடைகால வேலைக்கூடம். இரண்டாவது சிம்பொனியை எழுத 1906இல் ரஷ்யாவையே விட்டு ஜெர்மனியின் டிரெஸ்டனில் போய்க் குடியிருந்தாரே, அப்போது பிரிவு எழுத்தைத் தடுக்கவில்லை, உதவியது. அவருக்கு வேண்டியது யாரும் கதவைத் தட்டாத ஒரு வீடும் சில மாதங்களும். சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையில் நிலம் வாங்கி வீடு கட்டி, செர்கேய், நதாலியா, ரக்மானினோவ் மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'செனார்' என்று பெயர் வைத்தார். வீடு தயாரான வருடம் 1934. பாகனினி ராப்சோடி எழுதிய வருடமும் அதுவே. அடுத்த இரண்டு கோடையில் சிம்பொனி. 1939 ஆகஸ்டில் லூசெர்ன் விழாவில் வாசித்துவிட்டுப் போருக்குப் பயந்து கிளம்பினார், அந்த வீட்டை மறுபடி பார்க்கவில்லை.

அந்த ராப்சோடியின் பதினெட்டாவது வேரியேஷனை எல்லோருக்கும் தெரியும். பாகனினியின் மெட்டைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு உருக வைத்துவிடுவார். இது என் மேனேஜருக்காக எழுதியது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, சம்பாதிக்கிற வாத்தியக்காரன் எவனும் நம்பிவிடுவான்.

ரசனை பற்றிய இரண்டாவது காரணம், ஆமாம், அதை நான் தாண்டித்தான் போனேன். அது அவரை எப்படி அரித்தது என்பதற்கு ஒரு உதாரணம். கொரெல்லி வேரியேஷன்ஸை 1931 அக்டோபரில் மாண்ட்ரியலில் அரங்கேற்றிவிட்டு ஊர் ஊராக வாசிக்கிறார். இருபது வேரியேஷன். டிசம்பரில் நண்பர் மெட்னருக்கு எழுதிய கடிதத்தில், ரசிகர்களின் இருமலைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன் என்கிறார். இருமல் அதிகமானால் அடுத்த வேரியேஷனை விட்டுவிடுவாராம், இருமல் இல்லாவிட்டால் வரிசையாக வாசிப்பாராம். ஒரு சின்ன ஊரில் இருமிய இருமலில் பத்துதான் தேறியது. நியூயார்க்கில் பதினெட்டு, அதுதான் சாதனை. ஒரு தடவைகூட முழுசாக வாசித்ததில்லை. தமாஷாக எழுதியிருக்கிறார். ஆனால் உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் பியானோக்காரர்களில் ஒருவர் தன் சொந்த இசையை ஹாலில் எழும் இருமலுக்கேற்ப வெட்டுகிறார் என்றால், அடுத்த கோடையில் பேனாவை எடுக்க எவ்வளவு மனசு வரும்?

வயலா_பெஞ்ச்:

ஒரு சின்னத் துணைச் செய்தி. 1930இல் ரவீந்திரநாத் தாகூர் சோவியத் ரஷ்யா போய்வந்து அங்குள்ள கல்வி முறையைப் புகழ்ந்தார். அதைக் கண்டித்து 1931 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்ட மூவரில் ஒருவர் ரக்மானினோவ், இன்னொருவர் டால்ஸ்டாயின் மகன் இல்யா. அரசியலில் வாயே திறக்காத மனிதர் முதல்முறை திறந்தது தாகூருக்கு எதிராக! விளைவு, சில வாரங்களில் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் அவர் இசையை வாசிக்கவும் கற்பிக்கவும் தடை. 1933 வாக்கில்தான் தளர்ந்தது. சொந்த நாட்டில் தன் இசைக்குத் தடை என்பதும் எழுத்தைப் பாதித்திருக்காதா? அதே மனிதர் 1941 நவம்பரில் நியூயார்க் கச்சேரி வசூலைச் சோவியத் செஞ்சேனையின் மருத்துவ உதவிக்குக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெட்னர் பெயர் வந்ததால் கேட்கிறேன். ரக்மானினோவ் தன் நான்காவது கான்செர்ட்டோவை அவருக்குத்தானே காணிக்கையாக்கினார்? அவரும் வெளிநாட்டில் இருந்த ரஷ்யர்தான், எழுதிக்கொண்டேதான் இருந்தார். அவரை வைத்து ஒப்பிட்டால்?

பழைய_கட்டை:

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்.

நிகோலாய் மெட்னர் 1921இல் ரஷ்யாவை விட்டார். பெர்லின், அப்புறம் பாரிஸ் பக்கம், 1935க்குப் பிறகு லண்டன். அவரும் பெரிய பியானோக்காரர். ரக்மானினோவ் தலையிட்டு 1924–25இல் அமெரிக்கச் சுற்றுப்பயணமே ஏற்பாடு செய்துகொடுத்தார். ஆனால் மெட்னர் மேடையில் பேத்தோவனைத் தவிரப் பெரும்பாலும் தன் இசையையே வாசிப்பார். ஜனங்களுக்காக ஒரு லிஸ்ட் ராப்சோடி, ஒரு வால்ட்ஸ், ம்ஹூம். அதனால் எழுத நேரம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. லண்டனில் ட்யூஷன் சொல்லித்தான் குடும்பம் ஓடியது. நவீன இசையைத் திட்டி அவர் எழுதிய புத்தகத்தை ரக்மானினோவின் தாயிர் பதிப்பகம்தான் 1935இல் போட்டது.

கடைசியில் அவரைக் கைதூக்கிவிட்டது யார் தெரியுமா? மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். அவரே பியானோ கற்றவர், கர்நாடக இசையில் கிருதிகளும் இயற்றியவர். இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த அந்த இளைஞர் 1940களில் லண்டனில் மெட்னர் சங்கம் தொடங்கப் பணம் கொடுத்து, எச்.எம்.வி. கம்பெனியில் மெட்னரையே வாசிக்கவைத்து இசைத்தட்டுகள் போட வழிசெய்தார். மூன்று கான்செர்ட்டோவும் பதிவாயின. மெட்னருக்கு அப்போது அறுபத்தைந்துக்கு மேல், இதய நோய் வேறு. மூன்றாவது கான்செர்ட்டோவை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். 1951இல் இறந்தார். மைசூர்ப் பணம் வராமல் இருந்திருந்தால் மெட்னர் தன் கான்செர்ட்டோக்களைத் தானே வாசித்தது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரிந்தே இருக்காது.

ரக்மானினோவ் இந்த வழியில் போகவில்லை. கேட்கிறவர்களுக்கு வேண்டியதை வாசித்தார், நன்றாகவே சம்பாதித்தார், அந்தப் பணத்தில் மெட்னர் உட்படப் பலரைத் தாங்கினார். இருவரில் யார் செய்தது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் மெட்னருக்கு ரக்மானினோவும் மகாராஜாவும் இருந்தார்கள். ரக்மானினோவுக்கு ஒரு ரக்மானினோவ் இல்லை.

முதலில் கேட்டவருக்குப் பாக்கி ஒன்று இருக்கிறது. புரோகோபியேவ் 1918இல் அமெரிக்கா வந்தபோது வயது 27, தனி ஆள், பசித்தாலும் ஒரு வயிறு. ஜப்பான் வழியாக வந்து சான் பிரான்சிஸ்கோவில் குடிவரவு அதிகாரிகளிடம் மாட்டி, பிறகு நியூயார்க்கில் ரக்மானினோவ் வந்த அதே மாதம் கச்சேரி செய்தார். பியானோக்காரராக இவரோடு போட்டியிட முடியாது என்று புரிந்ததும் ஐரோப்பாவுக்கு நகர்ந்தார், 1936இல் ரஷ்யாவுக்கே திரும்பினார். ஸ்ட்ராவின்ஸ்கிக்கு டியாகிலேவின் பாலே கம்பெனி கேட்டுக் கேட்டு எழுதச் சொன்னது. அது போதாமல் அவரும் மேடை ஏறினார். 1924இல் எழுதிய பியானோ கான்செர்ட்டோவைச் சில வருடம் தன்னைத் தவிர யாரும் வாசிக்கக் கூடாது என்று உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார். எழுதினால் காசு வரும் என்ற ஏற்பாடு அவர்களுக்கு இருந்தது. ரக்மானினோவுக்கு எழுதாமல் வாசித்தால்தான் காசு.

தாகூர் கடிதம் உண்மை. தடையால் அவர் எழுதாமல் போனார் என்று மட்டும் சொல்லாதீர்கள். தடை வந்த அதே 1931 கோடையில்தான் கொரெல்லி.

மூன்றாம்_கிரேடு:

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று: அவர் தானே வாசித்த பதிவுகளில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? பழைய பதிவு என்பதால் இரைச்சல் இருந்தால் பரவாயில்லை. எனக்கு அந்த 'வேலைக்குப் போகிற' ரக்மானினோவைக் கேட்க ஆசை.

பழைய_கட்டை:

அப்படியென்றால் அவருடைய சொந்த இசையை ஒதுக்கிவையுங்கள். ஷூமானின் கார்னவல், 1929 பதிவு. அப்புறம் ஷோபானின் இரண்டாவது சொனாட்டா, 1930. சாவு ஊர்வலப் பகுதியை எழுதியிருக்கிறபடி வாசிக்க மாட்டார். முதல் தடவை மெதுவாக ஆரம்பித்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வருவார், ஊர்வலம் தூரத்திலிருந்து நெருங்குகிற மாதிரி. நடுப்பகுதி முடிந்து அதே மெட்டு திரும்பும்போது உச்ச சத்தத்தில் ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டே போய்விடுவார். ஷோபானின் நோட்டில் இது இல்லை. பரீட்சையில் இப்படி வாசித்தால் மார்க் போகும்.

வயலின்காரர் கிரைஸ்லரோடு 1928இல் வாசித்த, நார்வே இசையமைப்பாளர் கிரீகின் சொனாட்டாவும் இருக்கிறது, இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் வழிவிடுவதைக் கேட்கலாம். தன் கான்செர்ட்டோக்களில் இரண்டாவது, ஸ்டோகாவ்ஸ்கியோடு 1929. மூன்றாவது கான்செர்ட்டோ ஆர்மண்டியோடு, 1939–40இல் பதிவானது. அதில் சில பகுதிகளைத் தானே வெட்டியிருப்பார். நோட்டை வைத்துக்கொண்டு கேட்டால் நடுநடுவே பக்கம் காணாமல் போகும், பயப்பட வேண்டாம். தன் கச்சேரிகளை வானொலியில் ஒலிபரப்ப அவர் விரும்பியதில்லை, ஆகவே நேரடிக் கச்சேரிப் பதிவு கிடைப்பது அரிது.

இரவு_ரேடியோ:

சாவு ஊர்வலம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1943 பிப்ரவரி 17, நாக்ஸ்வில் நகரில் டென்னசி பல்கலைக்கழகத்தில் கடைசிக் கச்சேரி. அன்று நிகழ்ச்சியில் அந்தச் சொனாட்டா இருந்தது. புற்றுநோய் என்று இன்னும் தெரியாது, முதுகு வலியோடு வாசித்தார். மிச்சக் கச்சேரிகளை ரத்து செய்துவிட்டு ரயிலில் கலிபோர்னியா திரும்பினார். மார்ச் 28 அன்று பெவர்லி ஹில்ஸ் வீட்டில் இறந்தார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பழைய_கட்டை:

ஆமாம். அந்த சீசனோடு மேடையை விட்டுவிடுவதாகத்தான் இருந்தார். அடுத்த வருடம் முழுவதும் லீவு.